எந்த மார்க்கை அனுப்புவது, எதை விடுவது?

வாசகர் கேள்வி – பதில்: மேற்படிப்பு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே தேர்வை இரண்டு மூன்று தடவை எழுதிவிட்டு, விண்ணப்பத்தில் எதைக் காட்டுவது என்று திண்டாடுகிறவர்களின் கேள்விகளே இவற்றில் அதிகம். முடிவெடுப்பதற்கு முன்னால், மார்க்கை வாங்கிப் பார்க்கிற இடம் அதை எப்படிக் கணக்கிடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சில இடங்கள் சிறந்த மார்க்கைத் தாங்களாகவே எடுத்துக்கொள்ளும். சில இடங்கள் எல்லாவற்றையும் கேட்கும். சில இடங்களில்தான் முடிவு உண்மையிலேயே உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி: என் மகள் ஓசூரில் சி.பி.எஸ்.இ. பள்ளியில் 12-ஆம் வகுப்பு படிக்கிறாள். அமெரிக்காவில் எட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். சாட் தேர்வு மார்ச்சில் எழுதி 1310, ஆகஸ்டில் எழுதி 1340 வாங்கினாள். மார்ச்சில் வாசிப்பு–எழுத்து 690, கணிதம் 620. ஆகஸ்டில் 630, 710. கூடுதலாக வந்த ஆகஸ்ட் மார்க்கை மட்டும் அனுப்பினால் போதும் என்று பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். அது சரியா? பழைய மார்க்கைக் காட்டினால் கெடுதல் வருமா?
– ஒரு தாய், ஓசூர்

பதில்: அம்மா, பகுதிவாரியாகப் பிரித்து எழுதினீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. ஆகஸ்டை மட்டும் அனுப்பினால் மகள் மார்ச்சில் வாங்கிய 690 யார் கண்ணிலும் படாது.

சாட்டில் இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 800 வரை. மொத்தம் 400 முதல் 1600 வரை. எத்தனை தடவை எழுதியிருந்தாலும், ஒவ்வொரு பகுதியிலும் எது உயர்ந்ததோ அதை எடுத்துக் கூட்டிக்கொள்கிற கல்லூரிகள் அமெரிக்காவில் ஏராளம். சூப்பர் ஸ்கோர் என்பது இதைத்தான். அந்தக் கணக்கில் உங்கள் மகளுக்கு மார்ச்சின் 690, ஆகஸ்டின் 710, ஆக 1400. மார்ச்சை மறைத்தால் 60 மார்க்கை நீங்களே கழித்துக் கொடுத்ததாக ஆகும்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. சாட்டை நடத்தும் காலேஜ் போர்டு தரும் ஸ்கோர் சாய்ஸ் வசதியில் எந்தத் தேதியின் மார்க்கை அனுப்புவது என்று மட்டும்தான் தேர்ந்தெடுக்கலாம். மார்ச்சிலிருந்து வாசிப்பை மட்டும், ஆகஸ்டிலிருந்து கணிதத்தை மட்டும் என்று பிய்த்து எடுக்க முடியாது. ஒரு தேதியை அனுப்பினால் அன்றைய இரண்டு பகுதிகளும் சேர்ந்தே போகும். உயர்ந்ததை எடுத்துக் கூட்டுகிற வேலையைக் கல்லூரிதான் செய்யும். அதனால் சூப்பர் ஸ்கோர் பார்க்கிற கல்லூரிக்கு இரண்டு தேதிகளையும் அனுப்ப வேண்டும். குறைந்த பகுதி கண்ணில் பட்டாலும் கணக்கில் சேராது; பயப்பட வேண்டாம்.

எட்டுக் கல்லூரிகளுக்கும் ஒரே முடிவு வேண்டாம். ஒரு நோட்டில் எட்டுப் பெயர்களையும் எழுதி, ஒவ்வொன்றின் சேர்க்கைப் பக்கத்திலும் தேர்வு மார்க் பற்றிய விதியைப் படித்து எதிரே குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டுச் சேர்க்கைக்கான விதியாக இருக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு இந்த விதிகள் அடிக்கடி மாறியிருக்கின்றன. சூப்பர் ஸ்கோர் பார்க்கும் கல்லூரி என்றால் இரண்டு தேதிகள். ஒரே அமர்வின் சிறந்த மொத்தத்தை மட்டும் பார்க்கும் கல்லூரி என்றால் ஆகஸ்ட் மட்டும். எழுதிய எல்லா மார்க்குகளையும் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் அப்படிப்பட்டது. அங்கே ஸ்கோர் சாய்ஸைத் தொடவே கூடாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் உள்ளிட்ட எல்லா வளாகங்களும் சேர்க்கை முடிவுக்குச் சாட்டைப் பார்ப்பதே இல்லை. 1600 வாங்கியிருந்தாலும் அங்கே பயன் கிடையாது, அனுப்பிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்தது, பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பப் படிவம். மார்க்குகளை நீங்களே பதிவிட விரும்புகிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி வரும். ஆம் என்றால், வாசிப்பு–எழுத்தில் அதிகபட்ச மார்க், அதை வாங்கிய தேதி, கணிதத்தில் அதிகபட்ச மார்க், அதை வாங்கிய தேதி என்று தனித்தனியாகக் கேட்கும். மகள் 690-க்கு மார்ச் தேதியையும் 710-க்கு ஆகஸ்ட் தேதியையும் போட வேண்டும். 710-க்கும் மார்ச் தேதியையே போட்டுவிட்டால், பிறகு வரும் அதிகாரபூர்வ அறிக்கையோடு அது ஒத்துப்போகாது. பல கல்லூரிகள் விண்ணப்ப நேரத்தில் மாணவர் பதிவிட்ட மார்க்கை நம்பி எடுத்துக்கொண்டு, இடம் கொடுத்த பிறகுதான் காலேஜ் போர்டிடமிருந்து நேரடி அறிக்கை கேட்கின்றன. அப்போது எண்கள் மாறுபட்டால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. முதலிலேயே நேரடி அறிக்கை கேட்கும் கல்லூரிகளுக்கு, கடைசித் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக அறிக்கை அனுப்பலாம். தேர்வு முடிந்து ஒன்பது நாள் வரை அந்தச் சலுகை இருக்கும். ஆனால் மார்க் வருவதற்கு முன்பே கல்லூரியைக் குறித்துவிட வேண்டும். எல்லா மார்க்குகளையும் கேட்கும் கல்லூரி உங்கள் பட்டியலில் இருந்தால் இலவசத்தை அதற்குப் பயன்படுத்துங்கள்; எப்படியும் அங்கே போகப்போகிற மார்க்தானே. மற்றக் கல்லூரிகளுக்கு மார்க்கைப் பார்த்தபின் கட்டணம் கட்டி அனுப்புவதே நல்லது.

மூன்றாவது தடவை எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறோம். சூப்பர் ஸ்கோர் பார்க்கும் கல்லூரிகளே உங்கள் பட்டியலில் அதிகம் என்றால், மகள் ஒரு பகுதியை மட்டும் குறிவைத்துப் படித்துவிட்டு எழுதலாம். 710-ஐ 750 ஆக்கினால் 1440. வாசிப்பு அன்று சறுக்கினாலும் மார்ச்சின் 690 அப்படியே நிற்கும். பள்ளியின் அரையாண்டுத் தேர்வைக் கெடுத்துக்கொண்டு எழுத வேண்டாம். 12-ஆம் வகுப்பு மார்க்கை அந்தக் கல்லூரிகளும் உன்னிப்பாகப் பார்க்கும்.

கேள்வி: தருமபுரியில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தேன். 12-ஆம் வகுப்பில் 600-க்கு 561. சாட்டில் 1250 (வாசிப்பு–எழுத்து 560, கணிதம் 690). நான் விண்ணப்பிக்கும் கல்லூரிகள் டெஸ்ட் ஆப்ஷனல், அதாவது மார்க் கொடுப்பதும் கொடுக்காததும் நம் விருப்பம் என்கிறார்கள். 1250-ஐக் கொடுக்கலாமா, விட்டுவிடலாமா?
– மாணவர், தருமபுரி

பதில்: தம்பி, முடிவு உண்மையிலேயே உங்கள் கையில் இருக்கும் இடம் இதுதான். ஆகவே ஊகத்தை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள்.

கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்து இணையத்தில் தேடுங்கள். கல்லூரியே ஆண்டுதோறும் வெளியிடும் ஆவணம் அது. அதில் சி9 என்ற பகுதிக்குப் போனால், போன ஆண்டு சேர்ந்த மாணவர்களில் கீழிருந்து 25 சதவீத இடத்தில் நிற்கும் மார்க் எது, 75 சதவீத இடத்தில் நிற்பது எது என்று வாசிப்புக்கும் கணிதத்துக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் மார்க் கொடுத்தார்கள் என்பதும் அங்கேயே இருக்கும். இந்தக் கடைசி எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. நூற்றுக்கு நாற்பது பேர்தான் மார்க் கொடுத்திருக்கிறார்கள் என்றால், நல்ல மார்க் வாங்கியவர்களே பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். அதனால் அந்த வரம்பு உண்மையான சேர்க்கையைவிட உயரமாகத் தெரியும். தொண்ணூறு பேர் கொடுத்திருந்தால் அந்த வரம்பை அப்படியே நம்பலாம்.

ஒரு கல்லூரியில் வரம்பு 1190 முதல் 1370 வரை என்று வைத்துக்கொள்வோம். நடுப்பகுதி சுமார் 1280. உங்கள் 1250 அதற்குச் சற்றுக் கீழே, ஆனால் வரம்புக்கு உள்ளே. அந்த இடத்துக்குக் கொடுங்கள் என்றே சொல்வோம். 561 வாங்கிய மாநிலப் பாடத்திட்ட மார்க் பட்டியலை அங்கே படிப்பவர், இந்த மார்க் எந்த அளவுக்கு உயர்ந்தது என்று உடனே பிடிபடாமல் யோசிக்கலாம். சாட் அவருக்கு நன்கு தெரிந்த அளவுகோல். கணிதத்தில் 690 என்பது உங்கள் பள்ளி மார்க்குக்குச் சாட்சி சொல்லும். பொறியியல், கணினி அறிவியல் கேட்கிறீர்கள் என்றால் கணிதத்துக்கு எடை இன்னும் அதிகம்.

இன்னொரு கல்லூரியின் வரம்பு 1400 முதல் 1520 வரை என்றால், அங்கே 1250-ஐக் கொடுக்க வேண்டாம். கீழ்வரம்பையே 150 மார்க் எட்டாத எண்ணைக் காட்டுவதால் ஒரு லாபமும் கிடையாது. கீழ்வரம்புக்கு 20, 30 மார்க் மட்டும் குறைகிறது என்றால் யோசிக்க வேண்டிய இடம். அப்போது உங்கள் பள்ளி மார்க் தனியாகவே பேசுமா என்று பாருங்கள். 561 பேசும் என்றுதான் தோன்றுகிறது. விட்டுவிடலாம்.

விடுவதற்கு முன் இரண்டு இடத்தில் மட்டும் சரிபாருங்கள். முதலாவது, படிப்பு உதவித்தொகை. சேர்க்கைக்குச் சாட் வேண்டாம் என்று சொல்லும் சில கல்லூரிகள்கூடத் தகுதி அடிப்படையிலான உதவித்தொகைக்கு மார்க் கேட்கும். வெளிநாட்டு மாணவர் நிதி உதவி கேட்கும்போது, பல கல்லூரிகளில் சேர்க்கை முடிவிலேயே அந்தத் தேவையும் பார்க்கப்படுகிறது. அங்கே நல்ல மார்க் ஒன்று கூடுதலாக இருப்பது உதவும். இரண்டாவது, டெஸ்ட் ஆப்ஷனல் என்று நீங்கள் நினைத்திருக்கும் கல்லூரி இப்போதும் அப்படித்தானா என்பது. எம்.ஐ.டி. 2022-இலேயே சாட்டைத் திரும்பக் கட்டாயமாக்கியது. ஹார்வர்டு, பிரவுன், டார்ட்மவுத், கால்டெக், ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆகியவையும் அதன் பிறகு திரும்பக் கேட்கத் தொடங்கிவிட்டன.

படிவம் நிரப்பும்போது ஒன்று கவனியுங்கள். மார்க் வேண்டாம் என்று முடிவெடுத்த கல்லூரிக்கு, அதன் தனிக் கேள்விப் பகுதியில் 'என் மார்க்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம்' என்ற தேர்வு இருக்கும், அதைக் குறியுங்கள். காமன் ஆப்பின் பொதுப் பகுதியில் மார்க்கை எழுதிவைத்தால் அது எல்லாக் கல்லூரிகளுக்கும் போகும். ஒன்றுக்குக் கொடுத்து ஒன்றுக்கு விடுவதாக இருந்தால், விடவேண்டிய கல்லூரிக்கு அனுப்புவதற்கு முன் பொதுப் பகுதியிலிருந்து மார்க்கை எடுத்துவிட்டு அனுப்புங்கள். கொடுக்கும் கல்லூரிக்கு அனுப்பும்போது மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.

சாட்டுக்கு மாற்றான ஏ.சி.டி. தேர்வும் எழுதியிருக்கிற பிள்ளைகள் இரண்டையும் கொடுக்கத் தேவையில்லை. இரு தேர்வு நிறுவனங்களும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணைப்படி ஏ.சி.டி. 28 என்பது சாட் 1310-க்கும், 30 என்பது 1370-க்கும் சமம். எது மேலே நிற்கிறதோ அதை மட்டும் கொடுங்கள்.

கேள்வி: ஜே.இ.இ. மெயின் ஜனவரியில் 91.2, ஏப்ரலில் 88.4 பெர்சன்டைல். ஆனால் இயற்பியலில் ஏப்ரல்தான் அதிகம். ஜனவரி கணிதத்தையும் ஏப்ரல் இயற்பியலையும் சேர்த்துக் காட்ட முடியுமா? தனியார் கல்லூரிப் படிவத்தில் எந்த மார்க்கைப் போடுவது? என் 12-ஆம் வகுப்பு மார்க்: தமிழ் 92, ஆங்கிலம் 71, கணிதம் 68, இயற்பியல் 64, வேதியியல் 66, கணினி அறிவியல் 84.
– மாணவி, பென்னாகரம்

பதில்: சேர்க்க முடியாதும்மா. சாட்டின் சூப்பர் ஸ்கோர் மாதிரி இங்கே கிடையாது. இரண்டு அமர்வும் எழுதியவர்களுக்கு, மொத்த என்.டி.ஏ. ஸ்கோர் (தேர்வை நடத்தும் அமைப்பு தரும் பெர்சன்டைல்) எதில் அதிகமோ அந்த அமர்வை முழுதாக எடுத்துத்தான் ரேங்க் போடுகிறார்கள். ஏப்ரல் முடிவோடு வரும் ஸ்கோர் கார்டில் அகில இந்திய ரேங்க் இருக்கும். உங்களுக்கு அது ஜனவரியின் 91.2-ஐ வைத்து வந்தது. என்.ஐ.டி. போன்ற மத்திய அரசுக் கல்லூரிகளுக்கான ஜோசா கலந்தாய்வில் நீங்கள் எதையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. ஏப்ரலில் குறைந்ததால் ஒரு நஷ்டமும் இல்லை.

தனியார் கல்லூரிப் படிவங்களில்தான் தப்பு நடக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் அவசரமாக நிரப்பும்போது, 'பெர்சன்டைல்' கேட்கும் கட்டத்தில் 300-க்கு வாங்கிய மார்க்கையும், 'சதவீதம்' கேட்கும் கட்டத்தில் பெர்சன்டைலையும் போட்டுவிடுகிறார்கள். 91.2 பெர்சன்டைல் என்றால் தேர்வு எழுதியவர்களில் 91.2 சதவீதம் பேர் உங்கள் அளவோ அதற்குக் கீழோ வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். 300-க்கு 273 வாங்கியதாக ஆகாது. ஸ்கோர் கார்டில் பெர்சன்டைல் ஏழு தசம இடம் வரை அச்சாகியிருக்கும். படிவம் எத்தனை இடம் ஏற்கிறதோ அத்தனையும் அப்படியே எழுதுங்கள், முழு எண்ணாக மாற்றாதீர்கள். ஈமெயிலும் செல்போன் எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கடைக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டால் கலந்தாய்வு நாளில் ஓ.டி.பி. அவருக்குப் போகும்.

உங்கள் 12-ஆம் வகுப்பு மார்க்தான் எங்களுக்குக் கவலை தருகிறது. என்.ஐ.டி.யில் சேர, பொதுப் பிரிவு, ஓ.பி.சி., ஈ.டபிள்யூ.எஸ். பிரிவினருக்கு 12-இல் 75 சதவீதம் வேண்டும். இல்லையென்றால் அவரவர் வாரியத்தின் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 65 சதவீதம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறு பாடங்கள் இருந்தாலும் இந்தக் கணக்குக்கு ஐந்துதான்: கணிதம், இயற்பியல், வேதியியல், மொழிப் பாடங்களில் உயர்ந்தது, மீதமுள்ளவற்றில் உயர்ந்தது. உங்களுக்கு 68, 64, 66, தமிழ் 92, கணினி அறிவியல் 84. கூட்டினால் 374. ஐந்நூறுக்கு 75 சதவீதம் என்றால் 375. ஒரு மார்க் குறைகிறது.

முதலில் 20 பெர்சன்டைல் வழியில் தகுதி வருகிறதா பாருங்கள். வராவிட்டால் மறுமதிப்பீட்டைப் பற்றி யோசிக்கலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் நாட்களுக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்குங்கள். நகல் வந்ததும் பாட ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, திருத்தாமல் விட்ட விடை, கூட்டலில் விட்ட மார்க், படிநிலை மார்க் கொடுக்காத கணக்கு ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மட்டும் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பாடத்துக்கும் போடாதீர்கள். மறுமதிப்பீட்டில் மார்க் குறையவும் வாய்ப்பு உண்டு. குறைந்தால் தமிழகப் பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃபும் சேர்ந்து குறையும்.

கூடவே ஒன்று. நம் பக்கத்தில் எம்.பி.சி. சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளைகள் ஜோசாவில் ஓ.பி.சி. என்று குறித்துவிட்டு, மாநிலச் சான்றிதழையே ஏற்றிவிடுகிறார்கள். அது செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்று குறிப்பிட்டு, அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் மார்ச் மாதமே கேட்டு விவரங்களைத் தயார் செய்துகொண்டு, ஏப்ரலில் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: தமிழகப் பொறியியல் கலந்தாய்வுக்கு ஜே.இ.இ. மார்க், 11-ஆம் வகுப்பு மார்க் எதையாவது சேர்த்துக் காட்டினால் பலன் உண்டா? என் மகன் அரூர் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்தான். கணிதம் 87, இயற்பியல் 78, வேதியியல் 84.
– ஒரு தந்தை, அரூர்

பதில்: பலன் இல்லை, ஐயா. 2007 முதல் தமிழகத்தில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. 12-ஆம் வகுப்பின் மூன்று பாடங்கள்தான். கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதியாக, ஆக 200. மகனுக்கு 87, 39, 42, மொத்தம் 168. இதே கட்-ஆஃபில் பலர் இருந்தால் முதலில் கணித மார்க்கையும் அடுத்து இயற்பியல் மார்க்கையும் பார்த்து வரிசைப்படுத்துவார்கள். ஜே.இ.இ. ஸ்கோர் எந்த இடத்திலும் நுழையாது.

நீங்கள் காட்ட வேண்டியது வேறொன்று. 6 முதல் 12 வரை முழுவதும் அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் (ஆர்.டி.இ.) 8 வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களைத் தவிர, மற்றவர்கள் இடையில் ஓராண்டு தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் தகுதி போய்விடும். ஆறு முதல் எட்டு வரை கிராமத்துப் பள்ளியில், பிறகு அரூரில் என்று இரண்டு பள்ளிகள் மாறியிருந்தால் இரண்டு பள்ளியின் விவரமும் வேண்டும். விடுமுறையில் தலைமையாசிரியர் கையொப்பத்துக்கு அலையாமல் பள்ளி நடக்கும்போதே வாங்கிவிடுங்கள். ஆன்லைனில் நிரப்பத் தயக்கமாக இருந்தால், சேர்க்கைச் சேவை மையமாக அறிவிக்கப்படும் அரசுக் கல்லூரிக்குப் போய் அங்கேயே பதிவு செய்யலாம். உங்கள் மாவட்டத்தில் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்குப் பர்கூரில் இருக்கிறது.

கேள்வி: கட்டடக்கலைப் படிப்புக்கான நாட்டா தேர்வில் முதல் தடவை 96, இரண்டாவது தடவை 112. பி.ஆர்க். விண்ணப்பத்தில் இரண்டையும் போட வேண்டுமா? திருச்சி என்.ஐ.டி.க்கும் இதைக் காட்டலாமா?
– மாணவி, பாலக்கோடு

பதில்: ஒரே ஆண்டில் எழுதியவற்றில் சிறந்தது எதுவோ அதுதான் செல்லும், 112-ஐக் கொடுங்கள். தமிழகக் கலந்தாய்வில் 12-ஆம் வகுப்பு மார்க்கை 200-க்கு மாற்றி, நாட்டாவின் 200-உடன் கூட்டி 400-க்கு ரேங்க் போடுகிறார்கள். 600-க்கு 510 வாங்கியிருந்தால் அது 170. 112 சேர்ந்தால் 282. இந்தக் கணக்கில் நாட்டாவில் ஒரு மார்க் என்பது 12-ஆம் வகுப்பில் மூன்று மார்க்குக்குச் சமம். மூன்றாவது வாய்ப்பு மீதி இருந்தால், வரைதலுக்கு நன்றாகப் பயிற்சி எடுத்து எழுதுவது வீண்போகாது.

திருச்சி என்.ஐ.டி. நாட்டாவை எடுத்துக்கொள்ளாது. என்.ஐ.டி.களின் பி.ஆர்க். இடங்களுக்கு ஜே.இ.இ. மெயினின் இரண்டாம் தாளைத் தனியாக எழுதியிருக்க வேண்டும். பி.இ.க்கான முதல் தாளை மட்டும் எழுதியவர்களுக்கு அங்கே பி.ஆர்க். ரேங்க் வராது.

கேள்வி: போன ஆண்டு நீட்டில் தகுதி பெற்றேன். இந்த ஆண்டு மார்க் குறைந்துவிட்டது. போன ஆண்டு மார்க்கைக் கொடுத்து இங்கே சேர முடியுமா? வெளிநாட்டில்?
– மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: இந்தியாவுக்குள் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு அந்தந்த ஆண்டு நீட் மார்க் மட்டுமே. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளானாலும் தனியார் கல்லூரியானாலும் இதே விதி. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க மட்டும் நீட் தகுதி மூன்று ஆண்டு செல்லும். போன ஆண்டுத் தகுதியைக் காட்டி அங்கே சேரலாம். அந்த ஸ்கோர் கார்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

போவதற்கு முன், ஏஜென்ட் சொல்லும் கல்லூரியின் படிப்பு தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைக்கு ஒத்துவருகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்: குறைந்தது 54 மாதப் படிப்பு, அதன்பின் அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, பாடம் முழுவதும் ஆங்கிலத்தில். இதில் ஒன்று குறைந்தாலும் திரும்பி வந்து இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய முடியாமல் போகும். மருத்துவம் சார்ந்த படிப்பு போதும் என்றால், தமிழகத்தில் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். சேர்க்கைக்கு 12-ஆம் வகுப்பு மார்க்கே போதும்.

கேள்வி: ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7 வந்திருக்கிறது. எழுத்தில் மட்டும் 5.5. நான் பார்க்கும் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றிலும் 6 கேட்கிறது. முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டுமா?
– ஊத்தங்கரை வாசகி

பதில்: கணினியில் எழுதியிருந்தால் வேண்டாம். ஒரு திறனை மட்டும் மறுபடி எழுதும் வசதி இந்தியாவில் உண்டு. முதல் தேர்வு நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத வேண்டும், ஒரு தேர்வுக்கு ஒரே தடவைதான். எழுதியபின் புதிய மார்க்கோடு இன்னொரு சான்றிதழ் வரும். மற்ற மூன்றும் பழையபடி இருக்கும். இரண்டில் எதைக் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம், ஆகவே எழுத்தில் குறைந்தே போனாலும் பழையது கையில் இருக்கும்.

ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் இப்படி வாங்கிய சான்றிதழை ஏற்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் சேரவிருக்கும் துறையின் சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு ஈமெயில் போட்டு ஏற்பார்களா என்று பதில் வாங்குங்கள். 60 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அந்த ஈமெயிலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். ஏற்கமாட்டோம் என்று சொன்னால் முழுத் தேர்வைத்தான் எழுத வேண்டும். அப்போது இரண்டு தேர்வுகளின் சிறந்த பகுதிகளை ஐ.இ.எல்.டி.எஸ். ஒன்றாக்கித் தராது, ஒரே நாளில் நான்கிலும் 6 வர வேண்டும். சான்றிதழ் இரண்டு ஆண்டுதான் செல்லும் என்பதையும் சேர்க்கைத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.